அதிகாரிகளிடம் பொய்த் தகவல் கொடுத்தால் சட்டம் என்ன செய்யும்? போலீஸ் புகார் முதல் வாரிசுச் சான்று வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டேஷனில் கொடுக்கும் புகார், தாலுகா ஆபீஸுக்குப் போகும் விண்ணப்பம், நோட்டரி முன்பு கையெழுத்திடும் பிரமாணப் பத்திரம் என எதுவாக இருந்தாலும், கீழே உங்கள் கையெழுத்து விழுந்த பிறகு மேலே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் நீங்கள்தான் பொறுப்பு. மனு எழுதித் தந்தவரோ, இ-சேவை மையத்தில் டைப் செய்தவரோ கோர்ட்டுக்கு வந்து பதில் சொல்லப் போவதில்லை.

இதில் மக்களிடம் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. 'மனுவில் கொஞ்சம் கூட்டி எழுதினால்தான் வழக்குப் போடுவார்கள், அதனால் ஒன்றும் ஆகாது' என்பது ஒன்று. 'புகார் நிரூபணமாகவில்லை என்றால் புகார் கொடுத்தவரையே உள்ளே போட்டுவிடுவார்கள்' என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதல் நம்பிக்கையால் பொய் வழக்குகள் பெருகுகின்றன. இரண்டாவதால் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்கள், குறிப்பாகப் பெண்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும், ஸ்டேஷன் வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள். சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று தெரிந்தால் இரண்டு பக்கமும் தெளிவாகிவிடும்.

ஒரு முன்குறிப்பு. 1.7.2024 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் உள்ளன. அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டப் பிரிவுகளே பொருந்தும். வக்கீல்களும் போலீஸாரும் இன்னும் பழைய எண்களையே பேச்சில் சொல்வதால், தேவையான இடங்களில் அவற்றையும் தந்திருக்கிறோம்.

படி 1: எது 'பொய்த் தகவல்' என்று தெரிந்துகொள்ளுங்கள்

சொன்னது தவறாக இருந்தால் மட்டும் அது குற்றமாகிவிடாது. பொய் என்று தெரிந்தோ, பொய் என்று நம்பியோ சொல்லியிருக்க வேண்டும். இந்தத் 'தெரிந்தே' என்பதில்தான் வழக்கே நிற்கிறது. இருட்டில் தாக்கியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்துப் பெயர் கொடுத்தீர்கள், விசாரணையில் வேறு ஆள் என்று தெரிந்தது என்றால் அது தவறு, குற்றம் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று தெரிந்தும் வரப்புத் தகராறை மனதில் வைத்து அவர் பெயரைச் சேர்த்தால் அது குற்றம்.

எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானால் புகார் பொய் என்று ஆகிவிடாது. 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுதலை செய்வது வேறு, 'இப்படி ஒரு சம்பவமே நடக்கவில்லை, வேண்டுமென்றே புனையப்பட்டது' என்று நீதிமன்றம் முடிவு செய்வது வேறு. தீர்ப்பில் எந்த வாசகம் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

யார் பெயரையும் சொல்லாமல் பொய்ப் புகார் கொடுத்தாலும் குற்றமே. சட்டமே இதற்கு ஓர் உதாரணம் தருகிறது: ஒரு கிராமத்தின் அருகில் தன்னைத் தாக்கிக் கொள்ளையடித்துவிட்டார்கள் என்று ஒருவர் போலீஸிடம் பொய் சொல்கிறார். யாரையும் குறிப்பிடவில்லை. ஆனாலும் போலீஸ் அந்தக் கிராமத்தில் சோதனை போடும், ஊர்க்காரர்களுக்குத் தொல்லை வரும் என்று அவருக்குத் தெரியும். அது போதும்.

படி 2: எந்தப் பிரிவில், எவ்வளவு தண்டனை?

அதிகம் பயன்படுவது பி.என்.எஸ். 217 (பழைய 182). ஓர் அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்து, உண்மை தெரிந்திருந்தால் அவர் செய்திருக்க மாட்டாத ஒன்றைச் செய்ய வைப்பது, அல்லது அவருடைய அதிகாரத்தை வேறொருவருக்குத் தொல்லையாகத் திருப்பிவிடுவது. முன்பு 6 மாதமாக இருந்த சிறைத் தண்டனை இப்போது 1 ஆண்டு வரை. 1,000 ரூபாயாக இருந்த அபராதம் 10,000 வரை. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். 'அரசு ஊழியர்' என்றால் போலீஸ் மட்டும் என்று எண்ணாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரும் தாசில்தாரும் இதில் அடக்கம்.

தகவல் தர வேண்டிய சட்டக் கடமை உள்ளவர் பொய்யாகத் தந்தால் பிரிவு 212 (பழைய 177). சாதாரணமாக 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். அந்தத் தகவல் ஒரு குற்றத்தைப் பற்றியதாக இருந்தால் 2 ஆண்டு வரை. கொலை என்று தெரிந்தே 'பாம்பு கடித்துச் செத்தார்' என்று தகவல் கொடுப்பதைச் சட்டப் புத்தகமே உதாரணமாகச் சொல்கிறது. நடந்த ஒரு குற்றத்தைப் பற்றி யார் பொய்த் தகவல் தந்தாலும் பிரிவு 240 இருக்கிறது. அதற்கும் 2 ஆண்டு வரை.

கடுமையானது பிரிவு 248 (பழைய 211). ஒருவருக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்ற நோக்கத்துடன், நியாயமான காரணம் இல்லை என்று தெரிந்தே, அவர்மீது குற்றம் சாட்டுவது. 5 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். பொய்யாகச் சாட்டிய குற்றம் மரண தண்டனையோ, ஆயுளோ, 10 ஆண்டும் அதற்கு மேலுமோ விதிக்கக்கூடியதாக இருந்து, அதன் பேரில் குற்றவியல் நடவடிக்கையும் தொடங்கப்பட்டிருந்தால் 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பொய் சொன்னால் பிரிவு 229 (பழைய 193): 7 ஆண்டு வரை சிறை, 10,000 வரை அபராதம். கூண்டில் ஏறிச் சொன்னால்தான் என்றில்லை, கோர்ட்டில் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரமும் சாட்சியம்தான். ஜீவனாம்ச வழக்குகளில் இது அடிக்கடி வெடிக்கிறது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. மாதம் 70,000 சம்பளம் வாங்குபவர் 15,000 என்று எழுதினால், எதிர்த்தரப்பு வங்கிக் கணக்கு விவரத்தை வரவழைக்கும் நாளில் ஜீவனாம்சத்துடன் சேர்த்துப் பொய்ச் சாட்சிய மனுவும் வரும்.

வாகன விபத்து வழக்குகளில் 'டிரைவரை மாற்றுவது' பலருக்குக் குற்றமாகவே தெரிவதில்லை. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டினான், அப்பா 'நான்தான் ஓட்டினேன்' என்று ஸ்டேஷனில் சொல்கிறார். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுத்ததாகப் பிரிவு 238 வரும். அதில் தண்டனை மூலக் குற்றத்தைப் பொறுத்தது. அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு அதிகபட்சம் 5 ஆண்டு என்பதால், அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1 ஆண்டு 3 மாதம் வரை அப்பாவுக்குக் கிடைக்கலாம். இது போக, வண்டி யார் ஓட்டினார் என்ற பொய் இன்சூரன்ஸ் கோரிக்கையையும் சேர்த்துச் சாய்க்கும்.

தனிச் சட்டங்களில் இருப்பவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு எதிராக அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு. குற்றம் செய்தவர் அந்தச் சமூகங்களைச் சேராதவராக இருக்க வேண்டும். போக்சோ சட்டத்தின் 22-ஆவது பிரிவு, அவமானப்படுத்தவோ பணம் பறிக்கவோ பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களைத் தண்டிக்கிறது, குழந்தையைத் தண்டிப்பதில்லை. நல்லெண்ணத்துடன் தகவல் தரும் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் அதே சட்டம் பாதுகாப்பு தருகிறது, தகவல் தராமல் இருப்பதைத்தான் குற்றம் என்கிறது. பேரிடர் நிவாரணத்துக்குப் பொய்யாக உரிமை கோரினால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2 ஆண்டு வரை. பறக்கும் விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும் வகையில் பொய்த் தகவல் பரப்பினால் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை இருக்கிறது. பள்ளிப் பரீட்சையைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் விடும் மாணவர்களின் பெற்றோர், எந்த இடத்துக்கு எந்தச் சட்டம் என்பதை வீட்டில் ஒரு முறையாவது பேச வேண்டும்.

படி 3: வழக்கை யார் போட முடியும்?

ஸ்டேஷன்களில் 'பொய்ப் புகார்னு தெரிஞ்சா உன் மேலயே கேஸ் போட்டுடுவேன்' என்று மிரட்டுவது உண்டு. அது அவ்வளவு எளிதல்ல.

பிரிவு 212, 217 இரண்டுக்கும் பி.என்.எஸ்.எஸ். 215 ஒரு பூட்டு போட்டிருக்கிறது. எந்த அரசு ஊழியரிடம் பொய் சொல்லப்பட்டதோ அவரே, அல்லது நிர்வாக வரிசையில் அவருக்கு மேலுள்ளவரே, அல்லது அவர் அதிகாரம் அளித்த வேறோர் அரசு ஊழியரே நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது இங்கே செல்லாது. 1962-இல் தௌலத் ராம் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில், பொய்யான மனு கொடுக்கப்பட்டது தாசில்தாரிடம். குற்றப்பத்திரிகை போட்டது போலீஸ். தாசில்தாரின் எழுத்துப்பூர்வமான புகார் இல்லை என்பதாலேயே உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

மாஜிஸ்திரேட்டும் வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பு எதிரியின் தரப்பைக் கேட்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 223-ஆவது பிரிவு சொல்கிறது. காலக்கெடுவும் உண்டு: 217-இல் அதிகபட்ச தண்டனை 1 ஆண்டு என்பதால், 1 ஆண்டுக்குள் வழக்கு வந்தாக வேண்டும்.

நீதிமன்ற நடவடிக்கை தொடர்பான பொய்ச் சாட்சியம் என்றால் அந்த நீதிமன்றமே புகார் செய்ய வேண்டும். அதற்கான வழி பி.என்.எஸ்.எஸ். 379 (பழைய 340). பாதிக்கப்பட்டவர் மனு போடலாம், ஆனால் முடிவு நீதிமன்றத்துடையது. நீதியின் நலனுக்கு அது தேவை என்று நீதிமன்றம் கருத வேண்டும். 1971-இல் சாஜு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அளவுகோல்: பொய் வேண்டுமென்றே சொல்லப்பட்டிருக்க வேண்டும், வழக்கின் முக்கியமான விஷயத்தைப் பற்றியதாகவும் இருக்க வேண்டும். சட்டை என்ன நிறம் என்று மாற்றிச் சொன்னதற்கெல்லாம் இந்தக் கதவு திறக்காது.

பிரிவு 248-இல் ஒரு நுணுக்கம் உண்டு. புகார் போலீஸ் அளவிலேயே முடிந்து கோர்ட் பக்கமே போகவில்லை என்றால், பாதிக்கப்பட்டவர் நேரடியாகத் தனிப் புகார் தாக்கல் செய்யலாம் (1967, எம்.எல். சேத்தி வழக்கு). ஆனால் அந்த வழக்கில் ரிமாண்டோ ஜாமீனோ நீதிமன்றத்தில் நடந்திருந்தால் அது நீதிமன்ற நடவடிக்கையாகிவிடும், நீதிமன்றத்தின் புகார் தேவைப்படும் (1979, கமலபதி திரிவேதி வழக்கு). இதைக் கவனிக்காமல் தனிப் புகார் போட்டுப் பல மாதங்களை வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

படி 4: புகார் மனு எழுதும்போது

பொய் பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. நடந்தது கைகலப்பு, கையால் இரண்டு அடி, கெட்ட வார்த்தை. மனுவில் வருவதோ இப்படி இருக்கிறது:

'மேற்படி எதிரிகள் ஐவரும் கொலை வெறியுடன் அரிவாள், உருட்டுக்கட்டை சகிதம் சட்டவிரோதமாகக் கூடி, என்னைக் கொலை செய்யும் நோக்கத்துடன் தாக்கி, என் கழுத்தில் இருந்த 5 பவுன் சங்கிலியைப் பறித்து...'

இந்த ஒரு வாக்கியத்தில் ஆட்களின் எண்ணிக்கை, ஆயுதம், கொலை நோக்கம், நகைப் பறிப்பு என நான்கு பொய்கள் இருக்கலாம். அவை வெளிவரும் இடம் பெரும்பாலும் அரசு மருத்துவமனை. காயத்துக்குச் சிகிச்சை எடுக்கும்போது பணி மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர். காப்பி) நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுவார்: 'தெரிந்த நபர் ஒருவர் கையால் தாக்கியதாகக் கூறுகிறார்.' சம்பவம் நடந்த அரை மணி நேரத்தில் நீங்கள் சொன்னது அது. மறுநாள் மனுவில் ஐந்து பேரும் அரிவாளும் வந்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார். உண்மையில் விழுந்த அந்த இரண்டு அடியும் சேர்ந்தே நம்பிக்கை இழக்கும்.

அதனால் மனுவை இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில் தேதி, நேரம், இடம். பிறகு நீங்கள் கண்ணால் பார்த்தது. அதன்பின், தனிப் பத்தியில், மற்றவர் சொல்லக் கேட்டது. சொன்னவர் யார் என்பதுடன். கடைசியில் உங்கள் சந்தேகம், சந்தேகம் என்றே குறிப்பிட்டு. மேலே உள்ள வாக்கியத்தை உண்மைப்படி எழுதினால் இவ்வளவுதான் வரும்:

'நேற்று மாலை சுமார் 6.30 மணிக்கு என் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கெட்ட வார்த்தைகளால் திட்டி, கன்னத்தில் இரண்டு முறை அடித்தார். அவருடன் மேலும் இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் என்னைத் தொடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பார்த்தபோது என் சங்கிலியைக் காணவில்லை. யாராவது எடுத்தார்களா, அறுந்து விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.'

நேரம் சரியாகத் தெரியவில்லை என்றால் 'சுமார்' போடுங்கள். ஆள் அடையாளம் தெரியாவிட்டால் 'பார்த்தால் அடையாளம் காட்டுவேன்' என்று எழுதினால் போதும், அதுவும் உண்மையாகவே முடியும் என்றால் மட்டும். எந்தப் பிரிவில் வழக்குப் போட வேண்டும் என்று நீங்கள் எழுத வேண்டியதே இல்லை. அது காவல் அதிகாரியின் வேலை.

மனு கொடுத்ததும் மனு ரசீதோ (சி.எஸ்.ஆர்.) எஃப்.ஐ.ஆர். நகலோ கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஆன்லைனில் அனுப்பிய புகார் என்றால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடும் முன் முழுவதும் படியுங்கள், படிக்கத் தெரியாதவர் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தர் சேர்த்த வரி இருந்தால் அங்கேயே அடிக்கச் சொல்லுங்கள். அதே சமயம், விசாரணையின்போது போலீஸ் உங்களை விசாரித்து எழுதும் வாக்குமூலத்தில் (பி.என்.எஸ்.எஸ். 180) கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். மாஜிஸ்திரேட் முன்பு தரும் 183 வாக்குமூலம் வேறு வகை: அது சத்தியத்தின் மேல் தரப்படுவது, பின்னால் கோர்ட்டில் தலைகீழாக மாற்றிச் சொன்னால் பொய்ச் சாட்சிய நடவடிக்கைக்கே அது அடிப்படையாகும்.

சமாதானமாகப் போகும்போதும் ஒரு பொறி இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்ததும், 'நான் கொடுத்தது பொய்ப் புகார், தூண்டுதலின் பேரில் கொடுத்தேன்' என்று எழுதி வாங்குவார்கள். உண்மையான புகாரைக் கொடுத்தவர் இப்படிக் கையெழுத்திட்டால் தன் மேல் 217-க்கும் 248-க்கும் தானே ஆதாரம் தந்ததாகிவிடும். 'இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம், மேல்நடவடிக்கை வேண்டாம்' என்று மட்டும் எழுதுங்கள்.

படி 5: சான்றிதழ், பத்திரம், பாஸ்போர்ட், அரசு வேலை

வாரிசுச் சான்றிதழில் நடக்கும் பொய் பெரும்பாலும் விடுபடுதல்தான்: முதல் மனைவியின் மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அக்கா, இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள். 'அவங்களுக்கு ஏற்கெனவே சீர் செஞ்சாச்சு' என்பது பங்கு பிரிக்கும்போது பேச வேண்டிய விஷயம். வாரிசு யார் என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணையில் தப்பினாலும், விடுபட்டவர் மனு கொடுத்தால் விசாரணைக்குப் பிறகு சான்றிதழ் ரத்தாகலாம், அதை வைத்துச் செய்த பட்டா மாற்றமும் பத்திரமும் சிக்கலுக்குள் போகும், 217-இன் முதல் பகுதி அப்படியே பொருந்தும்.

சார்பதிவாளர் முன்பு பொய் சொன்னால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 82-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. ஆள் மாறாட்டம் செய்து கையெழுத்திடுவதும், 'இவரை எனக்குத் தெரியும்' என்று அடையாளச் சாட்சி போடுவதும் இதே வலைக்குள் வரும். தெரியாத ஆளுக்குச் சாட்சிக் கையெழுத்து போட்டு 500 ரூபாய் வாங்குபவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

அடமானத்தில் இருக்கும் மூலப் பத்திரத்தைத் 'தொலைந்துவிட்டது' என்று புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றிதழ் வாங்கிச் சொத்தை விற்பதும் நடக்கிறது. பத்திரம் வைத்திருப்பவர் வெளியே வந்ததும் 217-உடன் மோசடிப் பிரிவும் (318) சேரும். பொய்த் தகவல் குற்றத்துக்கு இருக்கும் பூட்டு மோசடிக்கு இல்லை. போலீஸே நேரடியாக வழக்குப் பதியலாம்.

சாதிச் சான்றிதழில் பொய் சொன்னால் அது காலாவதியாவதே இல்லை. 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழு முறையை வகுத்தது. 2017-இல் ஜக்தீஷ் பலராம் பஹிரா வழக்கில், பொய்ச் சான்றிதழால் பெற்ற வேலையையும் படிப்பையும், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், பாதுகாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஓய்வு பெறும் வயதில் வேலையையும் பணப்பலனையும் இழப்பது சிறைத் தண்டனையைவிடப் பெரிய அடி.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பொய் சொன்னாலோ முக்கிய விவரத்தை மறைத்தாலோ 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் 2 ஆண்டு வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும், பாஸ்போர்ட்டையும் முடக்கலாம். இதில் வருத்தம் என்னவென்றால், வழக்கு நிலுவையில் இருப்பவருக்கும் நேர் வழி இருக்கிறது. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனு போட்டு அனுமதி உத்தரவு வாங்கினால், 1993-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி குறிப்பிட்ட காலத்துக்குப் பாஸ்போர்ட் பெறலாம். அதை விட்டுவிட்டு 'வழக்கு இல்லை' என்று டிக் செய்கிறார்கள்.

அரசு வேலை, குறிப்பாகக் காவலர் தேர்வு, இளைஞர்கள் அதிகம் அடிபடும் இடம். விண்ணப்பத்தில் 'உங்கள்மீது எப்போதாவது வழக்குப் பதிவானதா?' என்று இருந்தால், விடுதலையான வழக்கையும், சமாதானமாகி முடிந்ததையும் எழுதுங்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுத்தது: அற்பமான வழக்காக இருந்தால் மறைத்ததைக்கூட நியமன அதிகாரி மன்னிக்கலாம், வழக்கு இருப்பதே தெரியாதவர் மறைத்ததாகக் கொள்ள முடியாது, கேள்வியும் தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்தே மறைத்தால் அந்த மறைப்பே தகுதி நீக்கத்துக்குக் காரணமாகலாம். கல்லூரிக் கால அடிதடி வழக்கைச் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும், மறைத்ததால் போனது என்ற நிலைமைக்கு வராதீர்கள்.

படி 6: தவறான தகவல் ஏற்கெனவே போய்விட்டதென்றால்

திருத்துவதில் தாமதம் கூடாது. அதிகாரி அதை வைத்து நடவடிக்கை எடுப்பதற்கு முன் திருத்தினால், ஏமாற்றும் எண்ணம் இல்லை என்பதற்கு அதுவே நல்ல ஆதாரம். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: தெரிந்தே பொய் சொன்ன பிறகு திருத்தினால் குற்றம் தானாக மறைந்துவிடும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. எனவே வேண்டுமென்றே சொன்ன பொய் என்றால் எதையும் எழுதிக் கொடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 20(3) தரும் உரிமை.

நேர்மையான தவறு என்றால் அதே அதிகாரிக்குத் துணை மனு எழுதுங்கள். முதல் மனுவின் தேதியும் ரசீது எண்ணும், எந்த வரி தவறு, சரியான விவரம் எது, தவறு எப்படி நேர்ந்தது என்பவை இருந்தால் போதும். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் என்றால், திருத்தப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய அனுமதி கேட்டு மனு போட வேண்டும். எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன்பு போட்டால்தான் அதற்கு மதிப்பு.

படி 7: உங்கள்மீது பொய்ப் புகார் வந்தால்

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ஆதாரத்தைக் காப்பது. கடைகளின் சி.சி.டி.வி. பதிவு சில வாரங்களிலேயே தானாக அழிந்துவிடும். அதனால் கடைக்காரருக்கும் விசாரணை அதிகாரிக்கும் அன்றே எழுத்தில் கேளுங்கள். ஃபாஸ்டேக் விவரம், அலுவலக வருகைப் பதிவு, பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு எல்லாம் சேகரியுங்கள். மின்னணு ஆதாரத்துடன் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63(4) சான்றிதழும் இணைய வேண்டும். இல்லையென்றால் நல்ல வீடியோவும் கோர்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

கைது பயம் இருந்தால் பி.என்.எஸ்.எஸ். 482-இல் முன்ஜாமீன். புகாரை அப்படியே நம்பினாலும் குற்றமே ஆகவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 528-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரத்து மனு. 1992-ஆம் ஆண்டின் பஜன் லால் தீர்ப்பு எந்தெந்தச் சூழலில் ரத்து செய்யலாம் என்று சொல்கிறது. பழிவாங்கும் நோக்கமும் அதில் ஒன்று. ஆனால் 'யார் சொல்வது உண்மை' என்று சாட்சிகளை எடைபோட வேண்டிய வழக்கில் ரத்து மனு பெரும்பாலும் நிற்காது.

விசாரணை முடிந்து போலீஸ் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (சொன்ன விவரம் உண்மையல்ல) என்று மூடினால், அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் புகார்தாரருக்குப் போகும். அவர் எதிர்ப்பு மனு போடலாம். நீதிமன்றம் இறுதி அறிக்கையை ஏற்ற உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டருக்கு 217-இல் நடவடிக்கை கோரி மனு, அவர் அசையாவிட்டால் டி.எஸ்.பி.யிடமும் எஸ்.பி.யிடமும் மனு. வழக்கு விசாரணை வரை போய் மாஜிஸ்திரேட் உங்களை விடுவித்தால், புகாருக்கு நியாயமான காரணமே இல்லை என்று கருதும் பட்சத்தில், பி.என்.எஸ்.எஸ். 273-இன் கீழ் இழப்பீடு தர உத்தரவிடலாம். தீர்ப்பு நாளிலேயே உங்கள் வக்கீல் அதைக் கேட்க வேண்டும். தீய நோக்கத்துடன் வழக்குப் போட்டதற்காக சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்பதென்றால், விடுதலையான நாளிலிருந்து 1 ஆண்டுதான் கெடு. மேல்முறையீடு முடியட்டும் என்று யோசிப்பவர்கள் அந்தத் தேதியை வக்கீலிடம் முதலிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

படி 8: 217-இல் உங்களுக்கு நோட்டீஸ் வந்தால்

நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். கோர்ட்டில் புகார் செய்தவர், நீங்கள் தகவல் கொடுத்த அதே அதிகாரியா, அவருக்கு மேலுள்ளவரா, அவர் அதிகாரம் அளித்தவரா? தகவல் கொடுத்த நாளிலிருந்து 1 ஆண்டு கடந்துவிட்டதா? உங்கள் மனுவில் இருக்கும் எந்த வரி பொய் என்கிறார்கள்? அது பொய் என்று அப்போதே உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமலேயே பல வழக்குகள் போடப்படுகின்றன. 'சம்பவம் நிரூபணமாகவில்லை' என்பது மட்டும் அதற்குப் பதில் ஆகாது.

217 பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமல்ல. ஜாமீன் பெறுவது உரிமை. கோர்ட் சம்மனைத் தவறவிட்டால்தான் பிடியாணை வரும். எனவே முதல் வாய்தாவுக்கே ஆஜராகுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போகும்போது மனு நகல், ரசீது, ஏ.ஆர். காப்பி, ஆர்.சி.எஸ். நோட்டீஸ், கோர்ட் சம்மன் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.